தோற்றாலும் நாளைக்கு ஆட்டம் உண்டு: பேஸ்பால் ரசிகராவதன் சுகமும் சங்கடமும்

2025இல் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் சாம்பியன் பட்டத்தை வென்றது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி. அதே ஆண்டு லீக் சுற்றில் அந்த அணி தோற்ற ஆட்டங்கள் 69. வேறு விளையாட்டில் ஓர் அணி ஒரே ஆண்டில் இத்தனை முறை தோற்றால் பயிற்சியாளர் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதான். பேஸ்பாலில் அது கோப்பை வாங்கிய அணியின் கணக்கு. இந்த விளையாட்டைப் பின்தொடர்வதில் கிடைக்கும் இன்பம், எரிச்சல் இரண்டுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஆட்டம் அநேகமாகத் தினமும் நடக்கிறது. தினமும் நடப்பதால் தோல்வியும் வீட்டில் ஒருவராகக் குடியேறிவிடுகிறது.

முதலில் விதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். களத்தில் அணிக்கு ஒன்பது பேர், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரு அணிகளும் ஒருமுறை மட்டை பிடிக்கும். மூன்று பேர் அவுட்டானால் முறை மாறும். மட்டை பிடிப்பவர் நிற்கும் இடம் ஹோம் பிளேட். அங்கிருந்து தொடங்கி 90 அடி இடைவெளியில் சதுரமாக மூன்று பேஸ்கள். பந்தை அடித்துவிட்டு மூன்றையும் சுற்றி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். வேலிக்கு அப்பால் தூக்கி அடித்தால் ஹோம் ரன். நிதானமாகச் சுற்றி வரலாம். பந்தை எறிபவர் பிட்சர். அவர் எறியும் நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலோ, வீசித் தவறவிட்டாலோ அது ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே எறியப்பட்டு, பேட்டரும் மட்டை வீசாமல் விட்ட பந்துக்கு 'பால்' என்று பெயர். நான்கு பால் ஆனால் பேட்டர் நடந்தே முதல் பேஸுக்குப் போய்விடலாம். அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போனால் ஃபவுல். அதுவும் ஸ்ட்ரைக்காகவே எண்ணப்படும், ஆனால் மூன்றாவது ஸ்ட்ரைக்காக எண்ணப்படாது. இந்தக் கடைசிச் சலுகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

மேஜர் லீக்கில் 30 அணிகள், அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று பதினைந்து பதினைந்தாகப் பிரிந்து ஆடுகின்றன. மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை அணி ஒன்றுக்கு 162 ஆட்டங்கள். அதிலிருந்து 12 அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்களும் மோதும் இறுதிப் போட்டிக்கு வேர்ல்ட் சீரிஸ் என்று பெயர். ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கு வெல்பவருக்குக் கோப்பை.

ஆறு மாதத்தில் 162 ஆட்டம் என்றால் வாரத்துக்கு ஆறு நாள் உங்கள் அணி ஆடிக்கொண்டிருக்கும். புதியவர்களுக்கு இது மிரட்சி தரும். உண்மையில் யாரும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. வானொலியில் ஓடவிட்டுச் சமைப்பவர்கள், கார் ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள், தோட்ட வேலைக்கு நடுவே ஸ்கோர் மட்டும் விசாரிப்பவர்கள்தான் அதிகம். பந்துக்கும் பந்துக்கும் இடையில் நிறைய மௌனம் இருக்கும் விளையாட்டு இது. அந்த மௌனத்தில் பேச்சு வளர்கிறது. டாட்ஜர்ஸ் அணிக்கு 1950 முதல் 2016 வரை 67 சீசன்கள் வர்ணனை செய்த வின் ஸ்கல்லி பெரும்பாலும் துணை வர்ணனையாளர் இல்லாமல் தனியாகவே பேசினார். 1958இல் அணி புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தபோது, ஆட்டங்கள் முதலில் நடந்தது கொலிசியம் என்ற மாபெரும் ஸ்டேடியத்தில். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு வீரர்கள் எறும்புகளாகத்தான் தெரிந்தார்கள். ஆகவே ரசிகர்கள் டிரான்சிஸ்டரைக் கையோடு கொண்டுவந்து, கண்முன் நடக்கும் ஆட்டத்தையே ஸ்கல்லியின் குரலில் கேட்டார்கள். அரங்கமெங்கும் ஒரே குரல் ஒலித்ததாம். ஒரு விளையாட்டைக் காதால் பின்தொடர முடியும் என்பது சின்ன விஷயமில்லை. கூடைப்பந்தை அப்படிக் கேட்டால் மூச்சு வாங்கும்.

மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் படாத சுவாரசியம் பிட்சருக்கும் பேட்டருக்கும் நடக்கும் தனிப் போரில் இருக்கிறது. இருவருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை வினாடிகூட ஆகாது. அதற்குள் அது நேரே வருமா, கடைசி நொடியில் விழுமா, வெளியே விலகுமா என்று பேட்டர் தீர்மானித்தாக வேண்டும்.

2018 ஏப்ரல் 22 அன்று அனஹைமில் நடந்ததைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் பிராண்டன் பெல்ட் முதல் இன்னிங்ஸில் மட்டையோடு வந்தார். எதிரே ஏஞ்சல்ஸ் அணியின் இளம் பிட்சர் ஹைமே பாரியா. பெல்ட் இரண்டு ஸ்ட்ரைக்குகள் வாங்கிய பிறகு ஒவ்வொரு பந்தாகத் தட்டி ஃபவுலாக்கிக்கொண்டே போனார். பத்தாவது பந்து, பதினைந்தாவது பந்து, இருபதாவது பந்து. முதலில் சலித்துக்கொண்ட கூட்டம் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் ஆரவாரிக்கத் தொடங்கியது. பன்னிரண்டு நிமிடத்துக்கும் மேல் ஓடிய அந்தச் சந்திப்பில் 21 பந்துகள்; மேஜர் லீக்கில் எண்ணிக்கை பதிவாகத் தொடங்கிய காலத்திலிருந்து இதுவே அதிகம். முடிவு? 21ஆவது பந்தை உயர அடித்தார், வலதுபக்கம் நின்றவர் பிடித்துவிட்டார், அவுட். ஸ்கோர் பலகையைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் பாரியாவின் கை அங்கேயே பாதி களைத்துவிட்டது. மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் அவருடைய நாள் முடிந்தது. 'ஒன்றும் நடக்காத' நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தெரிந்துகொண்டவருக்குத்தான் பேஸ்பால் பிடிக்கும்.

நேரக் கணக்கு இல்லாததும் ஒரு கவர்ச்சி. முன்னணியில் இருக்கும் அணி பந்தைத் தட்டிக்கொண்டே கடிகாரத்தைக் கரைக்க முடியாது. ஒன்பது ரன் முன்னே இருந்தாலும் கடைசி ஆளை அவுட்டாக்கியே தீர வேண்டும். ஆகவே ஆட்டம் கைநழுவிவிட்டது என்று எழுந்துபோனவர்கள், வண்டி நிறுத்துமிடத்தில் ஆரவாரம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்ட கதைகள் ஊர் ஊருக்கு உண்டு.

அடுத்தது எண்கள். கணக்கில் ஆசை உள்ளவர்களை இந்த விளையாட்டு விழுங்கிவிடும். 'பாக்ஸ் ஸ்கோர்' என்ற ஆட்டச் சுருக்க அட்டவணையை வளர்த்தெடுத்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்து, பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். ஸ்கோர் குறிக்கும் முறையில் களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஆளுக்கோர் எண். பிட்சர் 1, அவர் எறிவதைப் பேட்டருக்குப் பின்னால் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸ்காரர் 3, இப்படியே. தரையோடு உருண்ட பந்தை, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து அது முதல் பேஸுக்குப் போய் இருவர் அவுட்டானால் நோட்டில் 6-4-3 என்று மட்டும் எழுதுவார்கள். ஐம்பது ஆண்டு கழித்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாலும் பந்து எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று சொல்லிவிடலாம். இன்றும் மைதானத்தில் பென்சிலோடு உட்கார்ந்து இதை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். தொடக்கக்காரர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் இதுதான். கை எழுதும்போது கண் செல்பேசிக்குப் போகாது.

எண்கள் சொல்லும் பாடம் கொஞ்சம் கொடூரமானது. பத்து வாய்ப்பில் மூன்றில் வெற்றிகரமாக அடிப்பவர் சிறந்த பேட்டர். நான்கில் அடித்தால் வரலாறு. பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் 1941இன் கடைசி நாளில் 0.39955 சராசரியோடு நின்றார். அன்று ஆடாமல் உட்கார்ந்திருந்தால் அதையே 0.400 என்று பதிந்திருப்பார்கள். மேலாளர் அந்த வாய்ப்பையும் கொடுத்தார். அவர் மறுத்து, அன்றைய இரண்டு ஆட்டங்களிலும் ஆடினார்; எட்டு வாய்ப்பில் ஆறு ஹிட். முடிவில் 0.406. அதற்குப் பிறகு அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் இன்றுவரை ஒருவரும் ஒரு முழு சீசனில் 0.400ஐத் தொடவில்லை. அந்த மகத்தான ஆண்டிலும் பத்துக்கு ஆறு முறை அவர் ஏமாந்துதான் திரும்பினார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சரி, சங்கடங்களுக்கு வருவோம்.

முதல் புகார் எல்லோருக்கும் தெரிந்தது: நீளம். 2021இல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக மூன்று மணி பத்து நிமிடம் ஓடியது. பிட்சர் தொப்பியைச் சரிசெய்வார், பேட்டர் கையுறையை இறுக்குவார், மறுபடி பிட்சர் தொப்பியைத் தொடுவார். 2023இல் பிட்ச் கடிகாரம் வந்தது. பேஸில் ஆளில்லை என்றால் 15 வினாடிக்குள் எறியத் தொடங்க வேண்டும். ஒரே ஆண்டில் சராசரி இரண்டு மணி நாற்பது நிமிடமாக இறங்கியது. பழைய ரசிகர்கள் சிலர் புலம்பினார்கள். எனக்கு அதில் புலம்ப ஒன்றும் தெரியவில்லை. குறைந்தது ஆட்டமல்ல, தொப்பி தொடும் நேரம்.

எனக்குள்ள வருத்தம் வேறு. முன்பெல்லாம் ஒரு பிட்சர் ஆட்டத்தைத் தொடங்கி அவரே முடிப்பது சாதாரணம். இப்போது ஐந்து இன்னிங்ஸ் ஆனதும் கைதட்டி அனுப்பிவிட்டு, அதிவேகமாக எறியும் புதுப்புது ஆட்களை வரிசையாக இறக்குகிறார்கள். கணக்கு சரிதான்: ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும் பேட்டர் நன்றாக அடிக்கிறார் என்று புள்ளிவிவரம் காட்டுகிறது. ஆனால் களைத்த கையோடு எட்டாவது இன்னிங்ஸில் தந்திரத்தை மட்டும் நம்பி எறிபவரைப் பார்க்கும் சுகம் போய்விட்டது. எண்களை இவ்வளவு நேசித்த விளையாட்டை எண்களே கொஞ்சம் வறட்சியாக்கிவிட்டன. பேட்டர்களும் ஹோம் ரன்னையே குறிவைத்து வீசுவதால் ஸ்ட்ரைக்அவுட் பெருகி, பந்து களத்தில் உருளும் நேரம் குறைந்துவிட்டது.

பணத்தின் கதை இன்னும் கசப்பு. அமெரிக்கக் கால்பந்திலும் கூடைப்பந்திலும் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. பேஸ்பாலில் அப்படி இல்லை, ஓர் அளவைத் தாண்டினால் அபராத வரி மட்டுமே. ஷோஹெய் ஒதானியை டாட்ஜர்ஸ் 2023 டிசம்பரில் பத்து ஆண்டுக்கு 70 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுச் சம்பளச் செலவு 30 கோடி டாலரைத் தாண்டும் அணியும், 10 கோடியைக்கூட எட்டாத அணியும் ஒரே லீக்கில் மோதுகின்றன. இரண்டாவது வகை அணியின் ரசிகராகப் பிறந்துவிட்டால் பாடு திண்டாட்டம்தான். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 ஆண்டுகள் வெற்றியைவிடத் தோல்வியை அதிகம் கண்டது. 2025இல் அந்த அணியின் பால் ஸ்கீன்ஸ் நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சர் விருதை ஒருமனதாக வென்றார். ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்கூட முழுதாகக் கொடுக்காத சராசரி. ஆனால் அவருடைய கணக்கில் எழுதப்பட்டவை பத்து வெற்றி, பத்துத் தோல்வி. அவர் ரன் கொடுக்கவில்லை. அணி ரன் எடுக்கவில்லை. அலகேனி நதிக்கரையில் உள்ள அந்த மைதானம் நாட்டிலேயே அழகானவற்றுள் ஒன்று. அங்கே உட்கார்ந்துதான் ரசிகர்கள் 'அணியை விற்றுவிடு' என்று உரிமையாளரைப் பார்த்துக் கூவுகிறார்கள்.

விற்பதைவிட மோசம் ஊரை விட்டே போவது. கன்சாஸ் சிட்டியிலிருந்து 1968இல் வந்து ஓக்லாந்தில் ஆடிக்கொண்டிருந்த அத்லெடிக்ஸ் 2024 செப்டம்பர் 26 அன்று அங்கே கடைசி ஆட்டத்தை ஆடியது. நாற்பத்தாறாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். சிலர் மைதானத்து மண்ணைக் கோப்பையில் அள்ளிப்போனார்கள். அணி இப்போது லாஸ் வேகாஸில் புது அரங்கம் எழும்பும்வரை சாக்ரமென்டோ பக்கத்துச் சிறு மைதானம் ஒன்றில் தங்கி ஆடுகிறது. ரசிகரின் பற்று பரம்பரைச் சொத்து. அணியோ முதலாளியின் சொத்து. இரண்டும் மோதினால் எது ஜெயிக்கும் என்பதை அதற்கு முன்பே 1957இல் டாட்ஜர்ஸை இழந்த புரூக்ளின்காரர்கள் கண்டுவிட்டார்கள்.

ஒளிபரப்பு விவகாரம் வேடிக்கையானது. இணையச் சந்தா கட்டினாலும், உள்ளூர் தொலைக்காட்சி உரிமையைக் காக்க, உங்கள் பகுதி அணியின் ஆட்டத்தை மட்டும் மறைத்துவிடுவார்கள். ஒரு மேஜர் லீக் அணிகூட இல்லாத அயோவா மாநிலம் பல ஆண்டுகளாக ஆறு அணிகளின் 'உள்ளூர்' பகுதியாகக் கணக்கிடப்பட்டது. காசு கொடுத்த அயோவாக்காரருக்கு ஆறு அணியும் இருட்டு.

ஏமாற்று வேலைகளும் உண்டு. 2017இல் கோப்பை வென்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், எதிரணி கேட்சரின் சைகைகளைக் கேமராவில் படித்து, குப்பைத்தொட்டியைத் தட்டித் தன் பேட்டருக்குத் தகவல் சொன்னது பின்னாளில் அம்பலமானது. 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். கோப்பையைத் திரும்ப வாங்கவில்லை. சூதாட்டமோ பழைய நோய். 1919 வேர்ல்ட் சீரிஸில் காசு வாங்கிக்கொண்டு தோற்றதாகச் சிக்கிய எட்டு வீரர்கள் ஆயுளுக்கும் விலக்கப்பட்டார்கள். இன்று பந்தயச் செயலிகளின் விளம்பரம் ஒளிபரப்பிலேயே ஓடுகிறது. அடுத்த பந்து ஸ்ட்ரைக்கா பாலா என்றுகூடப் பந்தயம் கட்டலாம் என்றால், பந்து எறிபவருக்கு விலை பேச யாரும் வர மாட்டார்கள் என்று எப்படி நம்புவது?

இத்தனைக்கும் மேலே, கோப்பைக்கான அடுத்த சுற்று நடக்கும் அக்டோபர் என்ற சீட்டுக்குலுக்கல். ஆறு மாத உழைப்பை ஒரு வாரம் அழித்துவிடும். 2001இல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டங்களை வென்றது. வேர்ல்ட் சீரிஸை எட்டவே இல்லை. இது அநியாயம் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது எழுதுவார்கள். ஆனால் அந்த அநியாயம் எப்படி இருக்கும் என்று டொராண்டோவில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும். அங்கும் சுற்றுவட்டார நகரங்களிலும் நம்மவர்கள் பெருந்தொகையாக வாழ்வதால், 2025 இலையுதிர் காலத்தில் உள்ளூர் அணியான ப்ளூ ஜேஸ் பற்றிய பேச்சு இல்லாத தமிழ் வீடுகள் அங்கே குறைவாகத்தான் இருந்திருக்கும்.

1993க்குப் பிறகு முதல்முறையாக ப்ளூ ஜேஸ் வேர்ல்ட் சீரிஸுக்கு வந்திருந்தது, எதிரே டாட்ஜர்ஸ். மூன்றாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸில், ஒன்பது இன்னிங்ஸில் சமநிலை ஆனதால், 18 இன்னிங்ஸ் ஓடியது. ஆறு மணி 39 நிமிடம். முடிந்தபோது டொராண்டோ கடிகாரத்தில் அதிகாலை மூன்று மணியை நெருங்கிவிட்டது. விடிந்தால் செவ்வாய்க்கிழமை, பள்ளியும் அலுவலகமும் உண்டு. அதிலும் தோல்வி. ஆனால் அடுத்த இரண்டையும் வென்று, தொடர் ஏழாவது ஆட்டம்வரை வந்தது.

நவம்பர் 1, டொராண்டோவின் ரோஜர்ஸ் சென்டர். காலில் காயத்தோடு ஆடிய போ பிஷெட் மூன்றாவது இன்னிங்ஸில் ஒதானியின் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார், மூன்று ரன். ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது ப்ளூ ஜேஸ் 4-3 என முன்னிலை. ஓர் ஆள் அவுட். இன்னும் இரண்டே பேர். வந்தவர் மிகேல் ரோகாஸ். 36 வயது, தடுப்புத் திறனுக்காக அணியில் இருப்பவர், ஹோம் ரன்னுக்குப் பெயர்போனவரே அல்ல. அடித்துவிட்டார். 4-4. அதே இன்னிங்ஸின் பின்பாதியில் மூன்று பேஸிலும் ப்ளூ ஜேஸ் ஆட்கள் நிற்க, தரையில் உருண்ட பந்தை அதே ரோகாஸ் தடுமாறி எடுத்து ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். ஓடிவந்தவர் ஓர் அடி முன்னதாக வந்திருந்தால் கோப்பை டொராண்டோவுக்கு. மூன்றாம் பேஸில் அவர் ஏன் இன்னும் தள்ளி நிற்கவில்லை என்று அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கே விவாதம் நடந்தது. பதினொன்றாவது இன்னிங்ஸில் வில் ஸ்மித்தின் ஹோம் ரன், 5-4. பின்பாதியில் ப்ளூ ஜேஸ் ஆள் ஒருவர் மூன்றாம் பேஸ்வரை வந்துவிட்டார். அலெஹாண்ட்ரோ கர்க் அடித்த பந்தில் மட்டை உடைந்தது, பந்து நேராக ஷார்ட்ஸ்டாப் மூக்கி பெட்ஸிடம் உருண்டது, இருவர் அவுட். நோட்டில் 6-3 என்று எழுதி மூடினார்கள்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். எல்லா அணியையும் பார்க்க முயலாதீர்கள். ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அண்ணன் மகள் படிக்கும் ஊர், பிடித்துப்போன பிட்சர், நேரம் ஒத்துவருவது, எந்தக் காரணமும் போதும். ஏப்ரலிலேயே கோப்பைக் கணக்குப் போடாதீர்கள். மே மாதம்வரை எண்களுக்கு அர்த்தம் குறைவு. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பார்ப்பவர்களுக்கு அமெரிக்கக் கிழக்குக் கரை இரவு ஆட்டங்கள் அதிகாலை நாலரை மணி வாக்கில் தொடங்கும், அது சாமியார்களுக்கு. மேற்குக் கரை ஆட்டங்கள் காலை ஏழரைக்குத் தொடங்கும். காபியோடு முதல் மூன்று இன்னிங்ஸ் பார்க்கலாம். இன்னும் வசதியானது கிழக்குக் கரையின் ஞாயிறு மதிய ஆட்டம், நமக்கு இரவு பதினொரு மணி. திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் ஐந்தாவது இன்னிங்ஸோடு படுத்துவிட்டு, மீதியைக் காலையில் பாக்ஸ் ஸ்கோரில் படித்துக்கொள்ளலாம்.